ஒரு பனை தூரத்தில் பிரான்சு பாய்

சைக்கிள் ஓட்டத் தெரியாமலே ஒரு சைக்கிள் சங்கத்தில் சேர்ந்த முட்டாள் நான். பின்னால் யாராவது கண்டுபிடித்து ஊரெல்லாம் சொல்வதைவிட நானே முந்திக்கொள்வது கௌரவம் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். அந்தச் சங்கத்தில் மொத்தமே இரண்டு பேர். ஒருவர் தலைவர், மிச்சம் நான். "ஓட்டத் தெரியுமாடா?" என்று தலைவர் கேட்டபோது, "என்ன பாய் இப்படிக் கேட்டுட்டீக? நான் கையை விட்டுட்டே ஓட்டுவேன்" என்றேன். அதில் கையை விடுவது வரைக்கும் உண்மை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஏறின வேகத்தில் இரண்டு கையையும் விட்டேன், கூடவே காலையும் விட்டேன். வைகை மணலில் யாரோ துவைத்துக் காயப்போட்டிருந்த வேட்டிகளுக்கு நடுவே என்னைச் சுருட்டி எடுத்தார்கள். தலைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எந்திரிச்சுப் பின்னாடியே வா" என்று மட்டும் சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டே போனார்.

அந்தத் தலைவர்தான் பிரான்சு பாய். பிரான்சு தேசத்துக்குப் போய்விட்டுப் பாரீசைப் பார்க்காமல் திரும்பி வந்து, அதற்காகப் பெருமையும் பட்ட மனுஷர் இந்தப் பூமியிலேயே அவர் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று அவருடைய கடைக்கு எதிர்க்கடைக்காரருக்கே தெரியாது.

மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவருக்குப் பொத்தான் கடை. பொத்தான், நாடா, ஊசி, நூல், சரிகைப் பட்டி இவைதான் வியாபாரம். கடையின் விஸ்தீரணம் சொல்கிறேன்: உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் சந்தில் நின்றுதான் பொத்தான் கேட்கவேண்டும். கடைக்குப் பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் வீடு. பாயின் சம்சாரத்தை நான் பார்த்தது கிடையாது. திரைக்குப் பின்னாலிருந்து வரும் குரலைத்தான் தெரியும். அந்தக் குரல் ஒன்றே போதும், பாயும் நானும் சேர்ந்து பயப்படுவதற்கு.

நான் அப்போது தல்லாகுளத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. என் சட்டைக்கும் என் வயிற்றுக்கும் அந்த நாளில் ஓயாத தகராறு. நடுவில் அகப்பட்டுச் சாவது பொத்தான். ஆகவே வாரம் தவறாமல் பாய் கடையில் ஆஜராகிவிடுவேன். சட்டையைக் கழற்றாமலே பொத்தானை வைத்துத் தைத்துவிடுவார். "மூச்சை இழு மாப்ள. இன்னும் இழு. அம்புட்டுத்தானா?" என்பார்.

முதல் உலகச் சண்டையின்போது பட்டாளத்தோடு கப்பலேறிப் போனவர் அவர். அங்கே ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்குச் சைக்கிளில் சேதி கொண்டுபோகும் வேலை. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாரீசைப் பற்றிக் கேட்கத்தான் ஆசை.

"பாரீசு எப்படி பாய் இருக்கும்?"

"தெரியாது."

"போகலையா?"

"ரயிலு அது வழியாத்தான் போச்சு. நான் தூங்கிட்டேன்."

"அடப் பாவமே! யாராச்சும் எழுப்பக் கூடாதா?"

"எழுப்புனான். வேணாம்னுட்டுத் திரும்பிப் படுத்துட்டேன். ஊரைப் பாக்குறதுக்கு நம்ம ஊரு இல்ல? ரோட்டைப் பாக்கத்தான் பிரான்சுக்குப் போகணும்."

ரோடு என்றால் சாதாரண ரோடு இல்லை. இரண்டு கிராமங்களுக்கு நடுவே கிடந்த ஒரு சின்னச் சரளைக்கல் பாதை. அதைச் சொல்ல ஆரம்பித்தால் பாயின் கையில் இருக்கும் ஊசி அப்படியே நின்றுவிடும். "ரெண்டு பக்கமும் நெட்டுக்குத்தா மரம் மாப்ள. நம்ம பனை மாதிரி உசரம், ஆனா அடியிலேருந்து நுனி வரைக்கும் இலை. நடுவுல வெள்ளைச் சரளை. ஆள் இல்ல, வண்டி இல்ல. நாய்கூட ரெண்டு தடவை யோசிச்சுத்தான் குலைக்கும். சண்டை அங்கிட்டு எங்கேயோ நடக்குது. இங்கிட்டு சைக்கிள் சத்தத்தத் தவிர ஒரு சத்தம் கிடையாது. அந்தச் சத்தம் இருக்கே! பொரிகடலையத் துணியில கட்டி மெதுவா மிதிச்சா எப்படி வரும்? அந்த மாதிரி. அதுமேல இன்னொண்ணு, அதுமேல இன்னொண்ணுன்னு விழும். கண்ணை மூடுறதுக்குள்ள ஒரே ஒரு தடவை அந்தச் சத்தத்தக் கேட்டுரணும்டா."

உடனே திரைக்குப் பின்னாலிருந்து குரல் வரும். "பொரிகடலைதான வேணும்? நான் இங்கனயே மிதிச்சுக் காட்டுறேன். வீட்டுல இருங்க."

ஆனால் பாய்க்கு அது வேடிக்கைப் பேச்சு இல்லை. அந்தச் சத்தம் தருகிற ரோடு மதுரையைச் சுற்றி எங்கேயாவது இருந்துதான் ஆகவேண்டும் என்று அவர் நம்பினார். "அல்லா சரளையப் பிரான்சுக்கு மட்டுமா கொடுத்தான்?" என்பார். அதைத் தேடுவதற்காகத்தான் சங்கம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைச் சுபுஹு தொழுகை முடிந்ததும் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவது. சங்கத்துக்குச் சட்டதிட்டம் உண்டு. தார் ரோட்டில் ஓட்டக் கூடாது. குறுக்கே தார் ரோடு வந்தால், சாக்கடையைத் தாண்டுவதுபோல, சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் தாண்டவேண்டும். மணி அடிக்கக் கூடாது. மணிக்கு அவரே பட்டுத் துணியில் ஒரு உறை தைத்து மாட்டியிருந்தார். பேசக் கூடாது. இது எனக்குத் தூக்குத்தண்டனை. கடைசிச் சட்டம்தான் எல்லாவற்றிலும் பெரியது. ஒருவர் முன்னால் போகவேண்டும், மற்றவர் ஒரு பனை தூரம் தள்ளி வரவேண்டும். ஒரு பனைமரத்தை வெட்டிச் சாய்த்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு.

"எதுக்கு பாய் இம்புட்டுத் தள்ளி வரணும்?"

"குண்டு விழுந்தா ரெண்டு பேரும் சாகக் கூடாது. பட்டாளத்து ரூலு. ஒருத்தனாச்சும் மிஞ்சணும்."

"அவனியாபுரத்துல யாரு பாய் குண்டு போடப் போறா?"

"பிரான்சுலயும் அப்படித்தான்டா நெனைச்சுக்கிட்டு இருந்தாக."

 ஒரு பனை தள்ளித்தான் போனேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தச் சட்டம் வசதியாகவே இருந்தது. என் மிதிக்கு நான் ஒரு பனை தூரத்துக்குள் வருவதே பெரிய காரியம். பல நாள் ஒரு பனந்தோப்பு தூரம் பின்னால் போயிருக்கிறேன்.

எத்தனை ரோடு பார்த்தோம் என்கிறீர்கள்! மதுரையைச் சுற்றி நாலு திசையிலும் எங்கள் சங்கம் மிதிக்காத வண்டிப்பாதை கிடையாது. கண்மாய்க்கரை, களத்துமேடு, தோப்புக்குள் போகும் ஒற்றையடி, எதையும் விடவில்லை. புது ரோடு வந்ததும் பாய் கண்ணைப் பாதி மூடிக்கொள்வார். காது மட்டும் விழித்திருக்கும். கொஞ்ச தூரம் போய்க் காலை ஊன்றுவார். நான் ஒரு பனை தள்ளி நின்று, சந்தையில் மாடு தொலைத்தவன் மாதிரி கத்துவேன்: "இதா பாய்?"

அங்கிருந்து தீர்ப்பு வரும். "இல்ல. இது சோத்துல கல்லு." அவனியாபுரத்துக்குப் போகிற வழி சோற்றில் கல். திருப்பரங்குன்றத்துக்குப் பின்புறம் இருக்கும் பாதை உலை கொதிக்கிற சத்தம். இன்னொரு பாதையை மிதித்துவிட்டு, "இது அழுகுதுடா, இறங்கு" என்று என்னை இறக்கி நடத்தியே கூட்டி வந்தார். அழுதது ரோடு இல்லை, என் வாடகை சைக்கிளின் சங்கிலி. அதைச் சொல்லலாம் என்றால் பேசக் கூடாதென்று சட்டம்.

பிரான்சில் வழியில் எதிர்ப்படும் கிராமத்து ஆட்களுக்கு அந்த ஊர் வந்தனம் சொல்வது மரியாதையாம். அதை இங்கேயும் விடமாட்டார். மாட்டை ஓட்டிக்கொண்டு உழவுக்குப் போகும் சம்சாரியைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டு, "போஞ்சூர்!" என்பார். அந்த மனுஷர் மாட்டை நிறுத்திவிட்டு நெற்றியைச் சொறிவார். "போஞ்சூரா? இந்தச் சுத்துப்பட்டுல அப்படி ஒரு ஊரு இல்லையே பாய். மேக்கால போயி விசாரிங்க." ஒரு பனை தூரம் பின்னால் வரும் என்னையும் நிறுத்தி, "பாவம், பெரியவரு வழி தெரியாமப் போறாரு. நீங்களாச்சும் பத்திரமாக் கூட்டிப் போங்க" என்பார்.

ரொட்டி இன்னொரு கூத்து. அந்த ஊரில் ஒரு கை நீளத்துக்கு ரொட்டி சுடுவார்களாம். ஊரில் ரொட்டிக்கிடங்கு வைத்திருந்த ஒருவரைப் பிடித்து, அடுப்பு மூலைக்கு மூலை நீளும்படியாக ஒன்று சுடச் சொல்லி வாங்கிவந்துவிட்டார். நம் ஊர் வெயிலுக்கு அது காய்ந்து கட்டையாகிவிட்டது. சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டு போனோம். ஒரு கிராமத்தில் கிணற்றடியில் தண்ணீர் கேட்க நின்றபோது, ஒரு அம்மாள் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா வைரம் பாஞ்ச கட்டையா இருக்கே பாய். உலக்கை எங்க எடுத்தீக?" என்று கேட்டாள். பாய் முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் அன்றைக்குப் போட்ட புதுப் பொத்தான் தெறித்துக் கிணற்றுக்குள் விழுந்தது.

அந்த ரொட்டியைக் கண்மாய்க்கரையில் உட்கார்ந்து தண்ணீரில் நனைத்து நனைத்துத் தின்றுகொண்டிருந்த அன்றைக்குத்தான் பாய் அந்தக் கதையைச் சொன்னார். நான் கேட்கவில்லை. ரொட்டியை மெல்லுவதற்கே வாய் போதவில்லை.

"ராமநாதபுரத்துப் பக்கத்துப் பய ஒருத்தன் என்கூட இருந்தான், வெள்ளைச்சாமின்னு. ரெண்டு பேருக்கும் ஒரே வேலை, ஒரே ரோடு. விடியுமுன்னே கிளம்புவோம். அவனுக்கு வாயி ஓயாது, உன்ன மாதிரி. ஊருக் கதையெல்லாம் பேசிக்கிட்டே போவோம். அவன் மூச்சு வாங்குற நேரந்தான் ரோட்டுச் சத்தம் கேக்கும்."

"நல்ல ஆளுதான். அப்புறம்?"

"பட்டாளத்து ரூலு ஒரு பனை தள்ளிப் போகணும்னு. ஒருநாள் எவனோ பாத்துட்டுப் போயி மேல சொல்லிட்டான். தொரை கூப்பிட்டுக் கத்துனாரு. மறுநாள்லேருந்து ரூலுப்படி போனோம். நான் முன்னாடி, அவன் பின்னாடி."

"அப்புறம்?"

பாய் ரொட்டியின் அடிக்கட்டையைக் கண்மாய்த் தண்ணீரில் ரொம்ப நேரம் நனைத்தார்.

"அப்புறம் நான் மட்டும் போனேன்."

 எனக்குத்தான் எப்போதுமே வாய் இருக்குமே, அன்றைக்கு அது ரொட்டியோடு நின்றுவிட்டது. அவரே கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ரூலு சரியான ரூலுதான். ஒருத்தன் மிஞ்சுனான்ல" என்றார். சைக்கிளில் ஏறினார். நான் ஒரு பனை தூரம் அளந்து விட்டுவிட்டு ஏறினேன். அன்றைக்கு வழியெல்லாம் சட்டத்தை நான் ஒழுங்காக அனுசரித்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

இதற்கப்புறம் நடந்ததுதான் நாகமலைக் காரியம்.

நாகமலை அடிவாரத்தில் ஒரு சரிவு. மழைக்கு முந்தி யாரோ புண்ணியவான் அதில் புதுச் சரளை பரப்பிவிட்டிருந்தார். இரண்டு பக்கமும் பனை வரிசை. நான் வாடகைக்கு எடுத்திருந்த சைக்கிளின் பிரேக் எப்போதோ காலமாகியிருந்தது. அதனால் என்ன? மதுரையில் வாடகை சைக்கிள் ஓட்டினவர்களுக்குச் செருப்பு எதற்கு இருக்கிறது? முன் டயரில் செருப்புக் காலை வைத்து அழுத்தினால் நின்றுவிடும். அன்றைக்குச் சரிவின் உச்சியில் காலை வைத்தேன். வார் அறுந்து செருப்பு மட்டும் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை.

பாய் முன்னால் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார். எனக்கும் அவருக்கும் நடுவிலிருந்த பனை, அரைப் பனையாச்சு, கால் பனையாச்சு. கத்தலாம் என்றால் சட்டம். மணி அடிக்கலாம் என்றால் அதற்கும் சட்டம். அவருடைய சைக்கிளுக்குச் சரிசமமாக வந்துவிட்டேன். அங்கே சரிவு கொஞ்சம் தட்டையாகிவிடுவதால் என் வேகமும் குறைந்து, கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையும் தோழனும் போவதுபோல இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் போனோம். திருட்டுத்தனமாக அவர் முகத்தைப் பார்த்தேன். கண் பாதி மூடியிருந்தது. 

"வந்துருச்சு!" என்றார். "மாப்ள, வந்துருச்சுடா! இதுதான்! இதே சத்தம்தான்டா!"

அவர் போட்ட கூச்சலில் மிரண்டு நான் பக்கத்திலிருந்த சப்பாத்திக்கள்ளிக்குள் பாய்ந்தேன். கள்ளிப்புதரில் விழுந்து எழுந்தவனுக்கு மனிதர்கள்மேல் இருக்கும் நம்பிக்கையே போய்விடும். நான் முள்ளோடு முனகிக்கொண்டு கிடக்க, பாய் என்னைத் தூக்காமல், சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சரளையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கள்ளிக்குள்ளிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

தடவிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். சரளையில் இரண்டு சைக்கிள் தடமும் தண்டவாளம் மாதிரி அடுத்தடுத்துப் போயிருந்தன. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எப்படா என் பக்கத்துல வந்த?"

"செருப்பு அறுந்துருச்சு பாய். வேணும்னு வரல. சத்தியமா வேணும்னு வரல."

பாய் என்னைத் தூக்கி நிறுத்தி, முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பொத்தான் தைக்கிற விரல், வலிக்கவே இல்லை.  திரும்பி வரும்போது அவர் சைக்கிளை ஓட்டவில்லை. இரண்டு பேரும் தள்ளிக்கொண்டே வந்தோம். அவர் ரோட்டுக்கு அந்த ஓரம், நான் இந்த ஓரம்.

சட்டத்தை மீறினதால் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனால், வாடகைக் கடைக்கு அவரே போய் என் சைக்கிளுக்குப் புதுப் பிரேக் கட்டை மாட்டவைத்திருந்தார். என் முள்ளுக்கு இரங்கினார் என்று நினைத்துக்கொண்டேன். "இன்னியிலேருந்து ரெண்டு பனை தள்ளி வா" என்றார். தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வதற்கு மட்டும் என்னிடம் பஞ்சமே கிடையாது.

விளங்காத சங்கதி ஒன்றே ஒன்றுதான். அத்தனை வருஷமாகத் தேடின ரோடு கிடைத்துவிட்டதே, அதன்பிறகு அவர் அந்தப் பக்கமே போகவில்லை! நாகமலை என்று நான் வாயைத் திறந்தால், "தேடுனது போதும்" என்பார். ஏதோ கடனுக்கு மிதிப்பதுபோல ஏதாவது ஒரு பாதையில் போவோம், வருவோம். கண்ணை மூடுவதில்லை. சோற்றில் கல் என்றோ, உலை கொதிக்கிறது என்றோ தீர்ப்புச் சொல்வதில்லை. எதிரே வரும் சம்சாரிக்கு வந்தனம்கூடச் சொல்வதில்லை. சம்சாரிகளே நிறுத்தி, "என்ன பாய், அந்த ஊரு ஆப்புட்டுச்சா?" என்று கேட்கும்படி ஆகிவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. அவரை எப்படியாவது பழைய பாய் ஆக்கிவிட வேண்டும் என்று ஒரு யோசனை செய்தேன். என் யோசனை எப்படி இருக்கும்? நானே தனியாக நாகமலைக்குப் போய் அந்தச் சரிவில் ஓட்டிப் பார்த்தேன். கடமுடவென்று ஒரு சத்தம் வந்தது. பொரிகடலையும் இல்லை, ஒன்றும் இல்லை. சரி, நமக்குக் காது போதாது என்று, ஒரு கூடை சரளையை அள்ளிக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து பாய் கடையில் கொட்டினேன்.

"என்னாடா இது?"

"உங்க ரோடு பாய். நீங்க போகாட்டி என்ன, அது வந்துருச்சு. இது மேல நடந்து பாருங்க!"

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏன் தம்பி, உங்க ஆபீசுல உங்களுக்கு வேலையே தர மாட்டாகளா?"

பாய் சிரிக்கவில்லை. குனிந்து ஒரு கல்லை எடுத்துப் பார்த்தார். "கூட்டி அள்ளிரு மாப்ள. பொத்தானு வாங்க வர்றவுக காலுல குத்தும்" என்றார். நானே கூட்டினேன், நானே அள்ளினேன். அந்தக் குரல் போட்ட மேற்பார்வையில் ஒரு கல்கூட மிச்சமில்லை.

அதற்குச் சில மாதங்களில் என்னைத் தெற்கே ஒரு தாலுகா ஆபீசுக்கு மாற்றிவிட்டார்கள். சொல்லிக்கொள்ளப் போனேன். பாய் என் சட்டையின் எல்லாப் பொத்தானையும் அறுத்தெடுத்துவிட்டுப் புதுசாக, இரட்டை நூல் போட்டுத் தைத்தார். "அங்கிட்டுப் போயி எவன்ட்டயும் தைச்சுக்கிட்டு நிக்காத" என்றார். சங்கத்தை யார் நடத்துவது என்று கேட்டேன். "வேற ஆளு பாத்துக்கிறேன். உன்னவிட நல்லா மிதிக்கிற ஆளு" என்றார். அதைக் கேட்டு நான் கொஞ்சம் வருத்தப்பட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மாற்றலாகிப் போன ஊரில் வருஷங்கள் ஓடின. இரண்டாவது சண்டை வந்தது. சைக்கிள் டயர் தங்கத்தைப் போல அருமையாகப் போயிற்று. என் ஆபீசில் ஒரு டைப்பிஸ்ட் இருந்தார். ஒரே தெருவில் குடியிருந்ததால் இரண்டு பேரும் தினமும் ஜோடியாகச் சைக்கிளில் ஆபீஸ் போவோம். மனுஷர் பேச்சென்றால் பேச்சு, அவருடைய மிஷினைவிட வேகம். நானும் சளைத்தவன் இல்லை. எங்கள் இரண்டு பேர் பேச்சில் இரயில் போனால்கூடக் காதில் விழாது. ஒருநாள் டைப்பிஸ்டுக்குப் பல்வலி. கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வாயைத் திறக்காமல் வந்தார். நோயாளியிடம் பேசக் கூடாதே என்று நானும் சும்மா வந்தேன். ஆபீஸ் ரோட்டில் அப்போதுதான் சரளை பரப்பியிருந்தார்கள்.

கேட்டது!

பொரிகடலைதான். துணியில் கட்டி மெதுவாக மிதிக்கிற பொரிகடலையேதான். அதுமேல் இன்னொன்று, அதுமேல் இன்னொன்று. என் சக்கரம் நொறுக்கி முடிக்கிற இடத்தில் அவருடைய சக்கரம் நொறுக்க ஆரம்பிக்கிறது; அது முடிகிற இடத்தில் மறுபடியும் என்னுடையது.  டைப்பிஸ்டிடம், "கொஞ்சம் முன்னால போங்க சார்!" என்றேன். பாவம், பல்வலியோடு முன்னால் போனார். சத்தம் போய்விட்டது. "கொஞ்சம் பக்கத்துல வாங்க சார்!" என்றேன். வந்தார். சத்தமும் வந்தது. அப்படியே நாலைந்து தடவை அவரை முன்னும் பின்னும் ஓட்டவைத்தேன். அன்றைக்கு மத்தியானம் அவர் என்னைப் பற்றி மேலதிகாரியிடம் போய்ச் சொன்னதாகக் கேள்வி.

ரோடு இல்லை, சரளை இல்லை. பிரான்சும் இல்லை, நாகமலையும் இல்லை. அது இரண்டு சைக்கிள் பக்கத்தில் பக்கத்தில் போகிற சத்தம்! ஊருக் கதையெல்லாம் பேசிக்கொண்டே போவோம் என்று கண்மாய்க்கரையில் அவர் வாயாலேயே சொன்னாரே. ஒரு பனை தூரம் தள்ளிப் போகிறவர்கள் எப்படிப் பேசிக்கொண்டு போக முடியும்? இந்தச் சின்னக் கணக்கைப் போட எனக்கு இத்தனை வருஷமும் ஒரு டைப்பிஸ்டின் பல்லும் தேவைப்பட்டன. நான் மட்டும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சட்டத்தைத் தூக்கிக் கண்மாயில் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் மிதித்திருந்தேனானால், அவர் தேடின ரோடு ஊரைச் சுற்றி எல்லாப் பக்கமும் இருந்திருக்குமே!

லீவு எழுதிப் போட்டுவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். போகிற வழியெல்லாம் திட்டம். இரண்டு சைக்கிள் வாடகைக்கு எடுக்கவேண்டும். எந்த ரோடானால் என்ன, சரளை இருந்தால் போதும். பாய் ஆச்சரியப்பட்டுப் போகும் முகத்தை மனத்தில் விதவிதமாக வரைந்துகொண்டே வந்தேன்.

கடை அப்படியேதான் இருந்தது. பாய் அப்படி இல்லை. தாடி முழுக்க வெளுத்து, ஒரு காலை நீட்டிப் பலகையின்மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மூலையில் அவருடைய சைக்கிள் தலைகீழாக நின்றது. டயர் இல்லை. சக்கரத்தின் கம்பிகளில் கலர் கலராக நாடா தொங்கிக்கொண்டிருந்தது. வாங்க வருகிறவர்கள் சக்கரத்தைச் சுழற்றி நிறம் பார்த்துக்கொள்கிறார்கள்.

"வாடா. பொத்தானு அந்துருச்சா?" என்றார், போன வாரம்தான் பார்த்தவர்போல.

"காலுக்கு என்ன பாய்?"

"முட்டி மடங்க மாட்டேங்குது. அம்புட்டுத்தான்."

திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. முன்பிருந்த காரம் அதில் இல்லை. "நீங்க போனதுலேருந்து சைக்கிளத் தொடவே இல்ல தம்பி. வேற ஆளு யாரும் வரவும் இல்ல. இவுக தேடவும் இல்ல."

பாய் அட்டையில் பொத்தான் கோக்கிற வேலையைத் தொடர்ந்தார். நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். டைப்பிஸ்ட், பல்வலி, முன்னால் போனது, பக்கத்தில் வந்தது, எல்லாம். 

"ரோட்டுல ஒண்ணும் இல்ல பாய். நாகமலையில நான் உங்க பக்கத்துல வந்ததால கேட்டுச்சு. பிரான்சுல வெள்ளைச்சாமி பக்கத்துல வந்ததால கேட்டுச்சு. அது ரெண்டு சைக்கிளோட சத்தம் பாய்! இது தெரியாம நாம அத்தன வருசத்த வீணாக்கிட்டோமே!"

பாய் ஊசியை நிறுத்தவில்லை. ஒரு பொத்தானைக் கோத்து, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"நாகமலையில தடத்தப் பாத்த அன்னிக்கே தெரியும்டா. பக்கத்துல வந்தவன் ஒருத்தனப் பறிகொடுத்தது போதும், அதனாலதான் உன்னப் பக்கத்துல விடல."